சாயம் ஏறாத பயாப்ஸி: குடல் லிம்போமா பற்றி வாசகர் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டின் நான்கு மாவட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில், இரைப்பை, குடல் லிம்போமாக்களை (லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்றுகளை) வகை பிரிக்கும் திசுச் சாயங்கள் பற்றியவற்றுக்கு மட்டும் இந்த இதழில் இடம். பதில் எழுதியிருப்பவர்கள் திசுநோயியல் துறையில் பணிபுரிபவர்கள். சிடி20, பிசிஎல்2 என்று வருபவை செல்லில் உள்ள புரதங்களின் பெயர்கள், அவற்றைக் காட்டும் சாயத்தையும் அதே பெயரால் சொல்கிறோம்.

குடல் பயாப்ஸியை வேலூருக்கு அனுப்பினோம். "திசு சரியாகப் பதப்படவில்லை, சிடி20 சாயத்தை நம்ப முடியாது" என்று எழுதிவிட்டார்கள். ஃபார்மலினில்தான் போட்டு அனுப்பினோம். எங்கே தவறு?
— லேப் டெக்னீஷியன், குடியாத்தம்

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. உரித்த தோலுக்கு உப்புப் போட நேரமானால், பிறகு எவ்வளவு நல்ல தொட்டியில் ஊறவைத்தாலும் அந்தத் தோல் தேறாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திசுவும் அதே போலத்தான். ஃபார்மலின் செய்வதும் ஒருவகைப் பதனிடுதலே. புரதங்களை ஒன்றோடொன்று கோத்து, அவை இருந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. கோக்க வேண்டிய புரதம் அதற்குள் அழுகிப்போயிருந்தால் பிறகு எந்தச் சாயமும் அதைத் திருப்பித் தராது. குடலில் இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் செரிமானச் சாறும் கிருமியும் அங்கேயே இருக்கின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் சாதாரண சலைனில் இரண்டு மணி நேரம் மேசைமேல் கிடந்த துண்டின் மேல்தோல் செல்கள் உதிர்ந்தே போயிருக்கும்.

உங்கள் பாட்டிலில் இருந்தது எந்த ஃபார்மலின் என்று முதலில் பாருங்கள். கடையில் வாங்கிய 37 முதல் 40% கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலந்து மாதக்கணக்கில் வைத்தால் அதில் ஃபார்மிக் அமிலம் சேரும். ரத்தம் உள்ள திசுவில் அது கரும்பழுப்புத் துகள்களாகப் படியும். பின்னால் புரதத்தைக் காட்டப் போடும் டிஏபி சாயத்தின் பழுப்பும் இந்தப் பழுப்பும் ஒன்றுபோலத் தெரிந்து படிப்பவரைக் குழப்பும். பஃபர் சேர்த்த 10% ஃபார்மலினை நீங்களே தயாரிக்கலாம். கடைக் கரைசல் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஎச் 7-ஐ ஒட்டி வரும். பாட்டிலில் தயாரித்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது அளவு. திசுவின் பருமனைப்போலக் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் வேண்டும், 20 மடங்கு இருந்தால் நல்லது. ஊசி மருந்துப் புட்டியில் திசுவைத் திணித்து, மேலே நாலு சொட்டு விட்டு அனுப்புவது பயனில்லாத வேலை. அறுவையில் எடுத்த குடல் துண்டு என்றால் முழுசாகப் போடக் கூடாது. ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான் இறங்கும், உள்ளே போகப் போக அதுவும் குறையும். வெளிப்பக்கம் பதப்பட்டிருக்கும், நடுவில் அழுகியிருக்கும். குடலை நீளவாக்கில் திறந்து, மெதுவாக அலசி, கார்க் பலகையில் விரித்துக் குத்தி முக்கி வையுங்கள். கட்டி உள்ள இடத்தில் 3, 4 மி.மீ. தடிமனுக்கு வெட்டு வைத்துவிடுங்கள்.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். எண்டோஸ்கோப்பி துண்டு சின்னதுதானே, ஒரு மணி நேரம் போதும் என்று நினைக்கிறார்கள். ஃபார்மலின் உள்ளே இறங்கிவிடுவது வேறு, புரதத்தைக் கோத்து முடிப்பது வேறு. கோக்க குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். அது போதாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் ஆல்கஹால்தான் திசுவைப் பதப்படுத்தும், சாயம் திட்டுத் திட்டாக ஏறும். 72 மணி நேரத்துக்கு மேல் போனால் எதிர்ப்பக்கத் தொல்லை: கோப்பு இறுகி, புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆண்டிபாடி நுழைய இடம் இருக்காது. சனிக்கிழமை மதியம் எடுத்ததைப் பஸ் பார்சலில் செவ்வாய்க்கிழமை அனுப்பும் பழக்கம் இருந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

லிம்போமா என்ற சந்தேகம் டாக்டருக்கு முன்கூட்டியே இருந்தால், ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே பெரிய ஆய்வகத்துக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் புதுத் துண்டு ஒன்று தனியாகக் கேட்பார்கள். ஃபார்மலின் பட்ட துண்டு அதற்கு உதவாது.

என் மாமனாருக்கு இரைப்பையில் புண் என்று எண்டோஸ்கோப்பி செய்தார்கள். "லிம்போசைட்டுகள் நிறைய உள்ளன, ஐஎச்சி தேவை" என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள். முதல் பரிசோதனையிலேயே ஏன் சொல்ல முடியவில்லை?
— வாசகி, ஆரணி

அம்மா, முதல் பரிசோதனை தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். எல்லாத் திசுவுக்கும் முதலில் போடுவது ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்கள். ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து வருவது. அது செல்லின் உட்கருவை நீலமாக்கும். மற்றதை இயோசின் இளஞ்சிவப்பாக்கும். கட்டியின் அமைப்பைப் பார்க்க இதைவிட நல்ல சாயம் இன்றும் இல்லை.

ஆனால் லிம்போசைட்டுகள் இந்தச் சாயத்தில் ஒன்றுபோலவே சின்ன நீல உருண்டைகளாகத் தெரியும். இரைப்பையில் புண்ணோ கிருமியோ இருந்தாலும் இதே செல்கள்தான் கூட்டமாக வரும். காவலுக்கு வந்த கூட்டமா, தானே கட்டியாகப் பெருகிய கூட்டமா என்று தெரிய வேண்டும். கட்டி என்றால் எந்த வகை என்றும் தெரிய வேண்டும். ஐஎச்சி (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) அந்த வேலையைச் செய்கிறது. செல்லின் மேலுள்ள குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆண்டிபாடியைப் போட்டு, பிடித்த இடத்தைப் பழுப்பாக்கிக் காட்டும்.

இதை ஏன் தவிர்க்கக் கூடாது என்றால், வகைக்கு வகை மருத்துவம் மாறுகிறது. இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமா என்ற மெதுவான வகை, ஹெலிகோபாக்டர் கிருமியோடு சேர்ந்து ஆரம்ப நிலையில் இருந்தால், பெரும்பாலோருக்கு அந்தக் கிருமிக்கான ஆண்டிபயாடிக் மாத்திரையிலேயே கட்டி வடிந்துவிடும். அதே இரைப்பையில் வரும் பெரிய செல் லிம்போமாவுக்குக் கீமோதெரபி தேவை. பார்வைக்கு இரண்டும் ஒரே புண்.

இன்னொரு முறை குழாய் விட வேண்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். திசு போதுமான அளவு இருந்தால், முதலில் எடுத்து மெழுகில் பதித்த பிளாக்கிலிருந்தே இந்தச் சாயங்களைப் போடுவார்கள். வேறு ஊருக்குப் போவதானால் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். மே மாதத்தில் காரின் டேஷ்போர்டு மேல் வைக்க வேண்டாம், மெழுகு இளகிவிடும்.

எந்த லிம்போமாவுக்கு எந்த ஆண்டிபாடி? புத்தகத்தில் உள்ள அட்டவணை மனப்பாடம் ஆகிறது, ஸ்லைடைப் பார்த்தால் மறந்துவிடுகிறது.
— மருத்துவ ஆய்வக மாணவி, வேலூர்

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, முதல் சாயத்தில் செல் சின்னதா பெரியதா என்று பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வியை ஹெமடாக்சிலின் ஸ்லைடுதான் சொல்லும். ஆண்டிபாடி அதற்குப் பதில் மட்டும் தரும்.

முதல் சுற்றில் எல்லாவற்றுக்கும் சிடி20, சிடி3, பெருகும் செல்லைக் காட்டும் கி-67 போடலாம். செல்கள் உருவம் குலைந்து கார்சினோமாவா (மேல்தோல் செல்லின் புற்றா) என்ற ஐயம் இருந்தால் மேல்தோல் செல்லைக் காட்டும் சைட்டோகெரட்டினும் வெள்ளணுவைக் காட்டும் சிடி45-உம் சேர்க்க வேண்டும். லிம்போசைட்டின் இரு முக்கிய வகைகளில், சிடி20 பி செல்லின் சவ்வில் வளையமாக நிற்கும், சிடி3 டி செல்லுக்கு.

சின்ன பி செல்களாக இருந்தால் மூன்று பேர் சந்தேகத்தில் வருவார்கள். மேன்டில் செல் லிம்போமாவில் சிடி5-உம் சைக்ளின் டி1-உம் பாசிட்டிவ். குடல் நெடுகச் சின்னச் சின்ன பாலிப்பாக வந்தால் முதலில் இதை நினையுங்கள். சிடி5 மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது, சைக்ளின் டி1 உட்கருவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டு மால்ட் என்று எழுதினால் நோயாளிக்கு ஆண்டிபயாடிக்கில் பல மாதம் வீணாகும். ஃபாலிகுலர் லிம்போமாவில் சிடி10, பிசிஎல்6, பிசிஎல்2 மூன்றும் பாசிட்டிவ். சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் வரும் இதன் ஒரு வகை பெரும்பாலும் சாதுவானது. மால்ட் லிம்போமாவுக்கு என்று தனி அடையாளச் சாயம் கிடையாது. சிடி20 பாசிட்டிவ், சிடி5, சிடி10, சைக்ளின் டி1 நெகட்டிவ். மற்றவர்களை விலக்கி வந்து சேரும் முடிவு அது. லிம்போமா செல்கள் சுரப்பிக்குள் புகுந்து அதை உடைத்திருப்பதைச் சைட்டோகெரட்டின் சாயத்தில் தெளிவாகப் பார்க்கலாம். மால்ட் என்ற கருத்தை 1983-இல் ஐசக்ஸனும் ரைட்டும் முன்வைத்தபோது அவர்கள் சுட்டிய அடையாளங்களில் இந்தச் சுரப்பி உடைவும் ஒன்று.

பிசிஎல்2 பற்றி ஒரு எச்சரிக்கை. அது பாசிட்டிவ் ஆனாலே லிம்போமா என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். சாதாரண டி செல்லும், ஃபாலிக்கிளை (பி செல்கள் திரளும் உருண்டையை) சுற்றியுள்ள மேன்டில் செல்லும் எப்போதும் பிசிஎல்2 பாசிட்டிவ்தான். ஃபாலிக்கிளின் நடுமையத்தில் இருக்கும் பி செல்லில் ஏறியிருந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தின் கடைப்பகுதியில் இயல்பாகவே லிம்ஃபாய்டு திட்டுகள் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பெரிய பி செல்கள் என்றால், குடலில் அடிக்கடி பார்க்கும் பரவலான பெரிய பி செல் லிம்போமா. அதை இரண்டாகப் பிரிக்க 2004-இல் ஹான்ஸ் குழு வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. மூன்று சாயங்கள், மூன்றுக்கும் 30% எல்லை. சிடி10 பாசிட்டிவ் என்றால் ஜெர்மினல் சென்டர் (ஃபாலிக்கிளின் நடுமைய) வகை. சிடி10-உம் பிசிஎல்6-உம் நெகட்டிவ் என்றால் மற்றது, அதாவது ஜெர்மினல் சென்டர் அல்லாத வகை. பிசிஎல்6 மட்டும் பாசிட்டிவ் என்றால் மம்1 தீர்மானிக்கும்: மம்1 இருந்தால் மற்றது, இல்லாவிட்டால் ஜெர்மினல் சென்டர். குழந்தைக்கு, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இலியோசீகல் பகுதியில் கட்டி, குடல் செருகல் என்று வந்து, நடுத்தர அளவுச் செல்களும் இடையிடையே வெள்ளைப் புள்ளிகளாக மேக்ரோபேஜ்களும் (செல் குப்பையை விழுங்கும் செல்கள்) இருந்தால் பர்க்கிட் லிம்போமா. சிடி10, பிசிஎல்6 பாசிட்டிவ். பிசிஎல்2 பொதுவாக நெகட்டிவ். கி-67 ஏறத்தாழ 100%. முதிராத லிம்போசைட்டைக் காட்டும் டிடிடி நெகட்டிவ் என்று உறுதிசெய்யாமல் பர்க்கிட் என்று எழுதாதீர்கள்.

டி செல் வகை அரிது, ஆனால் தவறினால் ஆபத்து. கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயோடு வருவதில் சிடி56 பெரும்பாலும் நெகட்டிவ், சிடி30 பலருக்குப் பாசிட்டிவ். ஆசியர்களிடம் கூடுதலாகக் காணும் மற்றொரு வகையில் சிடி8-உம் சிடி56-உம் பாசிட்டிவ், சீலியாக் தொடர்பு இல்லை. சிடி56 பாசிட்டிவ் ஆன எதைப் பார்த்தாலும், எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான ஈபர் சோதனையைப் போடாமல் முடிவு எழுதக் கூடாது. ஈபர் நெகட்டிவ் ஆக, மேலோட்டமான புண்ணாக மட்டும் இருக்கும் என்கே செல் என்டரோபதி என்ற சாதுவான நிலை ஒன்று உண்டு. அதைப் புற்று என்று எழுதிக் கீமோதெரபி கொடுத்துவிடக் கூடாது.

சிடி43 மட்டும் பாசிட்டிவ், சிடி20-உம் சிடி3-உம் நெகட்டிவ் என்றால் மைலாய்டு சார்கோமாவை (ரத்தப் புற்றுச் செல்கள் கட்டியாகத் திரள்வதை) நினையுங்கள். மைலோபெராக்சிடேஸ் போட்டால் தெரிந்துவிடும். சிடி20-ஐக் குறிவைக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து எடுத்தவரின் பயாப்ஸியில் சிடி20 காணாமல் போயிருக்கலாம், அப்போது பி செல்லின் வேறு அடையாளங்களான பேக்ஸ்5, சிடி79ஏ போட வேண்டும்.

ஐஎச்சி போடும்போது பிரஷர் குக்கரிலேயே செக்‌ஷன் கழன்று மிதக்கிறது. என்ன செய்யலாம்?
— டெக்னீஷியன், வாணியம்பாடி

கழல்வது குக்கரில் தெரிந்தாலும், காரணம் பெரும்பாலும் அதற்கு முன்பே, மெழுகிலிருந்து மெல்லிய திசுப்படலமாகச் சீவி ஸ்லைடில் ஒட்டும்போதே இருக்கும். செக்‌ஷன் 3 முதல் 4 மைக்ரானுக்குள் இருக்கட்டும், தடித்தது முதலில் கழலும். சாதாரண ஸ்லைடு வேண்டாம், மின்னூட்டம் ஏற்றிய ஸ்லைடு வாங்குங்கள். அதற்கு மேல் மிதவைத் தொட்டியில் முட்டை வெண்கரு, ஜெலட்டின் எதுவும் கலக்கக் கூடாது, அவை மின்னூட்டத்தை மூடிவிடும். எடுத்த ஸ்லைடை நட்டமாக நிறுத்தி, அடியில் தங்கிய நீர் முழுதும் வடியவிடுங்கள். படுக்கவைத்து உடனே சூடேற்றினால் அந்த நீர் கொதித்துச் செக்‌ஷனைத் தூக்கிவிடும். பிறகு 60 டிகிரியில் ஒரு மணி நேரம்.

மெழுகைச் சைலீனில் 5 நிமிடம் இருமுறை கரைத்து, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவந்தபின், புரதக் கோப்பை அவிழ்க்கக் குக்கர். பஃபரை மூடியில்லாமல் கொதிக்கவிட்டு, அதன்பின் ஸ்லைடை இறக்க வேண்டும். விசில் எண்ணக் கூடாது, சாதத்துக்கு அது போதும், இதற்குப் போதாது. முழு அழுத்தம் வந்த நொடியிலிருந்து கடிகாரம் பார்த்து 2 முதல் 3 நிமிடம், அடுப்பைக் குறைத்து. பஃபர் குதித்துக் கொதித்தாலும் செக்‌ஷன் கிழியும். முடிந்ததும் குளிர்ந்த நீரில் ஸ்லைடைப் போடாமல், அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

பஃபர் இரண்டு வகை. ஒரு லிட்டருக்கு ட்ரைசோடியம் சிட்ரேட் 2.94 கிராம், பிஎச் 6. அல்லது ட்ரிஸ் 1.21 கிராம், இடிடிஏ 0.37 கிராம், பிஎச் 9. லிம்போமா சாயங்களில் பலவற்றுக்கு, குறிப்பாகச் சைக்ளின் டி1-க்கு, பிஎச் 9 கைகொடுக்கும். சூடு காட்டிப் புரதக் கோப்பை அவிழ்க்கும் இந்த முறை 1991-இல்தான் வந்தது. அதற்கு முன் பல ஆண்டிபாடிகள் உறைந்த திசுவில் மட்டுமே ஏறின.

ஸ்லைடு முழுக்க பழுப்பாகிறது. எது உண்மை, எது பின்னணி என்று தெரியவில்லை.
— டெக்னீஷியன், ராணிப்பேட்டை

வரிசையாகச் சந்தேகப்படுங்கள். குடலில் ரத்தச் சிவப்பணுவும் இயோசினோஃபிலும் அதிகம், இரண்டிலும் டிஏபியைப் பழுப்பாக்கும் சொந்தப் பெராக்சிடேஸ் உண்டு. ஆண்டிபாடிக்கு முன் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைத்தீர்களா? 30% கரைசலிலிருந்து எடுப்பதானால் 10 மி.லி.க்கு 90 மி.லி. நீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்.

அடுத்தது காய்ந்துபோவது. நம் வெயிலில் ஈர அறையின் மூடி சரியாக இல்லாவிட்டால் ஸ்லைடின் ஓரம் அரை மணியில் காய்ந்துவிடும். பழுப்பு ஓரங்களில் மட்டும் அடர்த்தியாக, உள்ளே போகப் போக மங்கினால் காரணம் இதுதான். ஒவ்வொரு ஸ்லைடையும் நனைய மூடும்படி 100 மைக்ரோலிட்டர் ஆண்டிபாடி, 30 முதல் 60 நிமிடம். பிறகு ட்வீன் 0.05% கலந்த ட்ரிஸ் பஃபரில் மூன்று முறை கழுவல், ஆண்டிபாடியோடு பெராக்சிடேஸைச் சேர்க்கும் பாலிமர் 20 முதல் 30 நிமிடம், மறுபடி கழுவல், டிஏபி 5 முதல் 10 நிமிடம். பின்னணி அதிகமானால் டிஏபி நேரத்தைக் குறைப்பதற்கு முன் ஆண்டிபாடியை இன்னும் நீர்த்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமாக, எதுவுமே ஏறாவிட்டால் கழுவும் பஃபரில் யாராவது சோடியம் அசைடு போட்டார்களா என்று கேளுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நல்ல எண்ணத்தில் போடுவார்கள், அது பெராக்சிடேஸைச் செயலிழக்கச் செய்துவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் டான்சில் அல்லது அப்பென்டிக்ஸ் ஸ்லைடு ஒன்று கூடவே ஓட வேண்டும். டான்சிலில் பிசிஎல்2 நடுமையத்து பி செல்லில் ஏறாமலும் சுற்றியுள்ள மேன்டிலில் ஏறியும் இருக்க வேண்டும். சைக்ளின் டி1 மேல்தோலின் அடியடுக்கில் ஏற வேண்டும். இது சரியாக இல்லாத நாளில் நோயாளியின் ஸ்லைடைப் படிக்கவே கூடாது. கடைசியாக ஒன்று: போர்வெல் தண்ணீரில் பஃபர் கரைக்காதீர்கள். நம் பகுதியில் நீர் கடினம், உப்பு வெண்படலமாக ஸ்லைடில் நிற்கும். டிஏபி கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனியாகச் சேர்த்து வையுங்கள், கையுறை கட்டாயம்.

கி-67 90% என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. புற்று 90% பரவிவிட்டது என்று அர்த்தமா?
— வாசகர், ஆற்காடு

இல்லை ஐயா. பரவலுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. அந்தத் துண்டில் உள்ள கட்டிச் செல்களில் 100-க்கு 90 பெருகும் நிலையில் இருக்கின்றன என்று பொருள். கி என்பது ஜெர்மனியின் கீல் நகரத்தைக் குறிக்கிறது, அங்குதான் இந்த ஆண்டிபாடி உருவானது. வேகமாகப் பெருகும் லிம்போமாக்களில் பல கீமோதெரபிக்கு நன்றாகவே வசப்படும். பரவல் தெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும், டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

இலியோசீகல் பகுதியில் தடிப்பு. காசநோயா லிம்போமாவா என்று தெரியாமல் காசநோய் மாத்திரை ஆரம்பித்துப் பார்ப்பது சரியா?
— மருத்துவர், திருப்பத்தூர்

நம் ஊரில் இது வாரந்தோறும் வரும் கேள்வி. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே காய்ச்சல், எடைக் குறைவோடு வரும். மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஆழமாகவும் பல துண்டுகளாகவும், 8 முதல் 10 வரை, பயாப்ஸி எடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் லிம்போமா சுருங்கிப்போய் அழுகலும் மேக்ரோபேஜும் மட்டும் மிஞ்சும், எந்தச் சாயமும் அப்போது உதவாது.

காசநோய்க் கிருமியைக் காட்டும் சீல்-நீல்சன் சாயம் போட்டே ஆக வேண்டும். கார்பால் ஃபுக்சினை ஆவி வரும்வரை சூடாக்கி 10 நிமிடம், 3% அமில ஆல்கஹாலில் நிறமிறக்கம், மெத்திலீன் நீலம். குடல் திசுவில் கிருமி மிகக் குறைவு, எண்ணெய் லென்ஸில் பொறுமையாகத் தேட வேண்டும். தென்படாததால் காசநோய் இல்லை என்று சொல்ல முடியாது, அதே துண்டில் பிசிஆர் கேளுங்கள். கிரானுலோமா (காசநோயில் காணும் செல் முடிச்சு) இருப்பதால் லிம்போமா இல்லை என்றும் சொல்ல முடியாது. சில லிம்போமாக்களே கிரானுலோமாவைத் தூண்டும். அதனால் கிரானுலோமாவுக்கு இடையில் பெரிய செல்கள் தெரிந்தால் சிடி20, சிடி3, சிடி30 மூன்றையும் போடச் சொல்லுங்கள்.

சிறுகுடல் மேற்பகுதி முழுதும் தடித்து, நீண்ட வயிற்றுப்போக்கோடு இளவயதினர் வந்தால், டிராப்பிகல் ஸ்ப்ரூ (சத்து உறிஞ்சப்படாத குடல் நோய்) என்று முடிவு கட்டும் முன் ஐபிஎஸ்ஐடியையும் (சிறுகுடலில் வரும் ஒருவகை மால்ட் லிம்போமாவையும்) நினைக்க வேண்டும். 1960-களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியதால் அது நம் நினைவில் முன்னால் நிற்கிறது. ஐபிஎஸ்ஐடியில் பிளாஸ்மா செல்கள் ஐஜிஏ ஆண்டிபாடியின் ஆல்ஃபா என்ற பெரிய சங்கிலிக்குப் பாசிட்டிவ், காப்பா, லாம்டா என்ற சிறிய சங்கிலிகள் இரண்டுக்கும் நெகட்டிவ். ஆரம்பத்தில் டெட்ராசைக்ளினுக்கே அடங்கக்கூடியது.

ஐஎச்சி வந்த பிறகு கீம்சா போன்ற பழைய சாயங்களுக்கு வேலை உண்டா?
— ஆய்வக உதவியாளர், போளூர்

உண்டு. இரைப்பை மால்ட் சந்தேகத்தில் ஹெலிகோபாக்டரைத் தேட மலிவான வழி கீம்சா. 2% கரைசல், 30 நிமிடம். பிறகு ஆல்கஹாலில் முக்கினால் நீலம் முழுக்க வெளியேறிவிடும். அதனால் லேசாக அலசி, வடிதாளில் ஒற்றி, காயவிட்டு, நேரே சைலீனுக்குக் கொண்டுபோக வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவரிடம் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் இல்லாமல் போய், உடற்பகுதியில் மட்டும் இருக்கலாம். இரண்டு இடத்திலிருந்தும் துண்டு வேண்டும்.

சாயம் போடாத ஸ்லைடுகளை எவ்வளவு நாள் வைக்கலாம்?
— டெக்னீஷியன், அரக்கோணம்

வெட்டிய செக்‌ஷனில் ஆன்டிஜென் (ஆண்டிபாடி பிடிக்கும் புரதம்) வாரங்களில் மங்கத் தொடங்கும். குளிர்பெட்டியில், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பிளாக் பல ஆண்டு தாங்கும். ஆனால் சின்ன எண்டோஸ்கோப்பி துண்டில், பிளாக்கை ஒவ்வொரு முறையும் மறுபடி மட்டப்படுத்தினால் திசு அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் லிம்போமா சந்தேகம் எழுந்த அன்றே ஒரே மூச்சில் 10 முதல் 15 செக்‌ஷன் வெட்டி, வரிசை எண் போட்டு வைத்துவிட்டு, ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள்.